வீட்டைக் காட்ட யார் வேண்டும்?

வங்கியிலிருந்து கோப்பு வந்ததும் விண்ணப்பித்தவருக்குப் போன் போடுவேன். வீட்டைப் பார்த்து அளக்க எப்போது வரலாம் என்று கேட்டால், பலரும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "நான் இருக்கணுமா சார்? சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போனா போதாதா?" திருச்சியில் வங்கிகளின் பேனல் மதிப்பீட்டாளனாக வேலை பார்க்கும் எனக்கு இதற்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசை உண்டு. போனில் அதற்கு இடம் இருப்பதில்லை.

சாவி இருந்தால் அறைகளை அளந்துவிடலாம். ஆனால் அறிக்கைப் படிவம் அளவோடு நிற்பதில்லை. பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளை ஒரு பக்கமும், நேரில் கண்ட நான்கு எல்லைகளை அதற்கு எதிரேயும் எழுதச் சொல்லும். குடியிருப்பவர் உரிமையாளரா வாடகைக்காரரா, வாடகைக்காரர் என்றால் எவ்வளவு காலமாக, வாடகை எவ்வளவு என்று கேட்கும். கட்டி எத்தனை வருடம், அனுமதி வாங்கிய வரைபடத்துக்கும் எழும்பி நிற்கிற கட்டடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும். இவற்றில் பாதிக்குச் சுவர் பதில் சொல்லாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். எந்த மனிதர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலையில் ஆதாயம் உள்ளவர்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறார்களோ அவ்வளவு நல்லது. அந்த வீட்டில் வாழ்ந்தவர் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும். இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இது.

அதற்கு முன் ஒன்று. வீட்டில் முதலில் இருக்க வேண்டியவர் மதிப்பீட்டாளர். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். அறிக்கையின் கடைசியில் நாங்கள் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறோம்: சொத்தை இன்ன தேதியில் நானே நேரில் பார்வையிட்டேன், வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கவில்லை, இந்தச் சொத்தில் எனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம் இல்லை. 1957-ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டத்தின் 34 ஏபி பிரிவில் பதிவு பெற்றவர்கள் நாங்கள். அந்த வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள்; பதிவை மட்டும் வங்கிகள் இன்றும் கேட்கின்றன. 2013 கம்பெனிச் சட்டத்தின் 247-ஆம் பிரிவும் 2017-இல் வந்த விதிகளும் தேர்வு எழுதித் தேறியவர்கள் என்று இன்னொரு வகையைச் சேர்த்தன. எந்த வகையானாலும் அறிக்கையில் இருக்கும் கையெழுத்து ஒரு ஆளுடையது. ஆனால் கட்டணம் குறைவு, கோப்பு அதிகம் என்ற காரணம் சொல்லி, டிப்ளமா முடித்த பையனிடம் டேப்பையும் போனையும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அவன் எடுத்து வந்த படங்களைப் பார்த்து அலுவலகத்தில் உட்கார்ந்து விலை எழுதுகிறார்கள். அந்தப் பையன் அளப்பான், நன்றாகவே அளப்பான். வாசலில் நிற்கிற பெரியவர் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்குகிற வார்த்தையை அவன் கவனிக்க மாட்டான். அதைக் கவனிக்கத்தான் வங்கி எங்களுக்குக் காசு கொடுக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், "அறிக்கையில கையெழுத்துப் போடறது நீங்கதானா?" என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

விலையில் ஆதாயம் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேலே போனால் 75 சதவீதமும்தான் கொடுக்கலாம். 60 லட்சத்துக்கு ஒரு வீட்டைப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 80 சதவீதம், 48 லட்சம் கடன். மீதி 12 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக இன்னொரு 5 லட்சத்து 40 ஆயிரம். இவ்வளவு பெரிய கிரயத்தில் இந்தச் செலவைச் சொத்தின் விலையோடு சேர்த்துக் காட்ட வழியில்லை. இந்த நிலையில் நான் போய்ப் பார்த்து, வீடு 54 லட்சம்தான் பெறும் என்று எழுதினால் கடன் 43 லட்சத்து 20 ஆயிரமாக இறங்கிவிடும். வாங்குபவர் மேற்கொண்டு 4 லட்சத்து 80 ஆயிரம் புரட்ட வேண்டும். புரளவில்லை என்றால் கிரயம் நிற்கும், அட்வான்ஸ் தகராறாகும், தரகருக்குக் கமிஷன் போகும், கடன் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்டுக்கு அந்த மாதக் கணக்கு விழும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே பக்கம் நிற்கிற நேரம் அது. 54 பெறுகிற வீட்டுக்கு 60 கொடுக்கிறோமே என்று வாங்குபவருக்கே அந்த நேரத்தில் தோன்றாது. அவருக்காக அதைச் சொல்ல அந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது.

தரகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால் அவர்கள் இல்லாமல் என் தொழில் நடக்காது. பல பத்திரங்களில் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் விலை எழுதப்படுகிறது. தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில் போன மாதம் சதுரடி என்ன விலைக்குப் போனது என்பது சார்பதிவாளர் அலுவலகக் காகிதத்தை விட டீக்கடையில் நிற்கிற தரகருக்கு நன்றாகத் தெரியும். நான் அவர்களிடம் கேட்பேன். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சரிபார்ப்பேன். இதெல்லாம் வீட்டுக்கு வெளியே, வேறொரு நாளில். வீட்டுக்குள் தரகர் வந்துவிட்டால், நோயாளியிடம் டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொல்வது போல ஆகிவிடும். "தண்ணி எப்படிம்மா?" என்று நான் வீட்டு அம்மாவிடம் கேட்பேன். "ரெண்டு போர் சார், வத்தாது" என்று தரகர் சொல்வார். ஆகவே முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறேன்: தரகர் அண்ணன் வழி காட்டட்டும், வாசலோடு நிற்கட்டும். கடன் ஏஜென்டுக்கும் இதேதான். வங்கி அதிகாரி தனியாக ஒரு நாள் வந்து பார்ப்பதே முறை. இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் இரண்டு கண்கள் ஒரு கண்ணாகிவிடும்.

இனி, யார் இருந்தே ஆகவேண்டும் என்பதற்கு வருகிறேன். உறையூரில் ஒரு மாடி வீடு. உரிமையாளர் வெளிநாட்டில். அவருடைய மைத்துனர் என்னை அழைத்துப்போனார். "கீழே வாடகைக்கு ஒரு குடும்பம், அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம், மாடி அளவேதான் கீழேயும்" என்றார். பார்க்காத தளத்தை அளந்ததாக எழுத முடியாது என்று சொல்லிக் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா திறந்தார். அறைகளை அளந்துகொண்டே, "வாடகை எவ்வளவும்மா குடுக்கறீங்க?" என்று கேட்டேன். மைத்துனர் ஒரு தொகை சொன்னார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வாடகை இல்ல சார். ஒத்திக்கு இருக்கோம். எட்டு லட்சம் குடுத்திருக்கோம். வீட்டை விக்கிறாங்களா சார்?"

தமிழ்நாட்டில் வீட்டைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் இந்தக் காட்சியை வெவ்வேறு தெருவில் சந்தித்திருப்பார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது ஒத்தி. சில ஊர்களில் போக்கியம் என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது ஒரு அடமானம். பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம் நீங்கலாக, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள எந்த அடமானமும் பதிவாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஊரில் நடப்பது வேறு. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். பதிவாகாததால் வில்லங்கச் சான்றில் அது வராது. வங்கியின் வக்கீல் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் வராது. அந்த எட்டு லட்சம் எங்கே இருக்கிறது என்றால், கதவைத் திறந்த அந்த அம்மாவின் வாயில் இருக்கிறது. அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு: சொத்தை வாங்குகிறவருக்கு, அதில் நேரடியாகக் குடியிருக்கிறவரின் உரிமை பற்றித் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் கேட்கவில்லை, எனக்குச் சொல்லவில்லை என்று பின்னால் தப்பிக்க முடியாது. குடியிருப்பவரைப் பார்க்காமல் வீட்டை வாங்குகிறவர் எத்தனை பெரிய ஆபத்தில் கால் வைக்கிறார் என்பதை இந்த ஒரு விளக்கமே காட்டும்.

அந்த வீட்டு அறிக்கையில், தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஒத்தித் தொகையாக எட்டு லட்சம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார் என்று அப்படியே எழுதினேன். வெளியே வந்ததும் மைத்துனர் மிகவும் கோபப்பட்டார். பிறகு வங்கி, ஒத்தியைத் தீர்த்து ரசீது காட்டினால்தான் கடன் தொகை விடுவிக்கப்படும் என்று நிபந்தனை போட்டது. வாங்குபவருக்கும் அது பாதுகாப்பு, அந்தக் குடும்பத்துக்கும் பாதுகாப்பு. வாடகைக்காரர்களைத் "தொந்தரவு" என்று நினைக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: ஒரு நாள் முன்னதாக அவர்களிடம் சொல்லுங்கள், யார் வருகிறார்கள், எதற்காக என்று சொல்லுங்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் முன்பின் தெரியாத ஆண் வந்து ஒவ்வொரு அறையாகப் படம் எடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் கூச்சம்தான். நான் படுக்கையறைக் கட்டிலையும் பூஜை அறையையும் படம் எடுப்பதில்லை. தளத்தையும் சுவரையும் ஜன்னலையும் எடுப்பேன், எடுத்ததை அவர்களிடம் காட்டிவிட்டு நகர்வேன்.

வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் என் வேலை பாதி முடிந்த மாதிரி. கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்று எடுத்துக்கொண்டு, கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்து, மீதி 90 சதவீதத்தை 60 வருடத்துக்குப் பகிர்ந்து கழிப்பது பரவலான முறை. வருடத்துக்கு ஒன்றரை சதவீதம். இன்றைக்குக் கட்டினால் 30 லட்சம் ஆகும் கட்டடத்துக்கு, வயது 20-ஆ 30-ஆ என்பதில் மட்டும் 4 லட்சத்து 50 ஆயிரம் வித்தியாசம் வந்துவிடும். வெள்ளையடித்து டைல்ஸ் மாற்றிய வீட்டில் வயது முகத்தில் தெரியாது. விற்கிற மகன் "பதினஞ்சு வருஷம் சார்" என்பார். உள்ளே ஈஸிசேரில் இருக்கும் அவருடைய அம்மா, "எங்கேடா பதினஞ்சு? தளம் போட்டன்னிக்கு நீ பத்தாவது பரீட்சைக்குப் போயிருந்தே" என்பார். சொத்து வரி முதலில் விதிக்கப்பட்ட ஆண்டையும் மின் இணைப்புத் தேதியையும் பார்த்தால் அம்மா சொன்னதுதான் ஒத்துவரும். அந்த அம்மாக்கள் பொய் சொல்வதில்லை. வீடு என்பது அவர்களுக்கு விலையோடு சேர்ந்த நினைவு இல்லை.

சமையலறையில் நிற்கிறவர்களிடம்தான் ஓதம் எந்தச் சுவரில் ஏறுகிறது, ஐப்பசி மழையில் எந்த மூலை ஒழுகுகிறது, கழிவுத் தொட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது என்ற செய்திகள் இருக்கின்றன. உறையூர்ப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 2005 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது? ஆண்கள் "அதெல்லாம் தெருவோட போயிடுச்சு" என்பார்கள். பெண்கள் கையை உயர்த்திச் சுவரில் தொட்டுக் காட்டுவார்கள்.

அண்ணன் தம்பி சொத்து என்றால் இருவருமே இருக்க வேண்டும் என்பேன். கூட்டுப் பட்டா இருக்கும், பாகப்பிரிவினை வாய்ப்பேச்சில் முடிந்திருக்கும், நடுவில் ஒரு கதவைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். கடன் கேட்பவர் அண்ணன். கிணறு யாருக்கு, கொல்லைக்குப் போகிற வழி யாருக்கு என்று தம்பிக்குத்தான் தெரியும், அல்லது அவருக்கு வேறு மாதிரி தெரியும். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றாலும் ஒரு அரைமணி நேரம் ஒரே முற்றத்தில் நின்றால் போதும். பூட்டிய அறை இருந்தால் பூட்டியிருந்தது என்று எழுதிவிடுவேன். உள்ளே இருப்பதை ஊகித்து எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரை யாரும் அழைப்பதில்லை, அழைக்கவும் வேண்டாம். ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நின்றால் நான் வணக்கம் சொல்லாமல் வரமாட்டேன். இந்தச் சுவர் யாருடையது, பொதுச்சுவரா என்ற ஒரு கேள்வி போதும். ஸ்ரீரங்கத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே பல தெருக்களில் அடிமனை கோயிலுக்கா குடியிருப்பவருக்கா என்பது நெடுங்கால வழக்கு. பத்திரம் வீட்டைப் பற்றிப் பேசும், மண்ணைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசும். அடுத்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவர், "மேல் கட்டடம்தான் சார் இவங்களுது, அடிமனை பெருமாளுது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அதை வைத்து நான் விலை எழுதிவிட முடியாது. வங்கி வக்கீலிடம் மனையின் உரிமையைத் தனியாகப் பார்க்கச் சொல்லி எழுத முடியும். பதிலுக்கு அந்தப் பெரியவர் கேட்பார்: "கடன் வாங்கறாங்களா?" அதற்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. அது அந்த வீட்டுக்காரரின் ரகசியம், என்னை நம்பிக் கொடுத்தது.

காலி மனைக்குப் போகும்போது விற்பவரே வந்து நின்றாக வேண்டும். வாங்குபவருக்கே பல நேரம் மனை எது என்று தெரியாது. தரகர் காட்டியதைப் பார்த்திருப்பார். மெயின் ரோட்டு மனையைக் காட்டிவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற மனையின் பத்திரத்தை வைக்கிற மோசடி புதிதல்ல. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாலைச் சந்திப்பிலிருந்து அளந்து வந்து, எல்லைக்கல்லைக் கண்டு, விற்பவரை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பேன். வெயிலில் அவர் சலித்துக்கொள்வார். எடுக்காமல் விடுவதில்லை.

எல்லாவற்றையும் விடக் கடினம், கடன் கட்ட முடியாமல் போன வீடு. 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் முடிந்து, வங்கி சொத்தைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்க வேண்டும். அதை வைத்துத்தான் ஏலத்தின் அடிப்படை விலை தீர்மானிக்கப்படும். நாங்கள் போகும்போது வீட்டுக்காரர் இருக்கமாட்டார். அவமானம் அவரை வெளியே அனுப்பியிருக்கும். அவர் மனைவி கதவை அரைவாசி திறந்து, "அவர் இல்லைங்க" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரத்தில் நான் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. கூட்டமாகவும் போவதில்லை; வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர், நான், அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை என்றால் வெளியிலிருந்து பார்த்து, பழைய அறிக்கையை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கும். பார்க்காத கட்டடத்துக்கு யாரும் தாராளமாக எழுத முடியாது. அடிப்படை விலை இறங்கும், வீடும் குறைந்த விலைக்குப் போகும், ஏலத்தில் வந்த பணம் போக மீதிக் கடன் அந்தக் குடும்பத்தின் தலையிலேயே நிற்கும். கதவை மூடுவது வங்கிக்கு எதிரான செயல் என்று நினைத்து அவர்கள் தங்களுக்கே நஷ்டம் செய்துகொள்கிறார்கள். இதை அவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். வங்கிகள் சொல்வதில்லை.

நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு வீட்டில், மூடிய கதவுக்கு வெளியே நின்று, ஜன்னல் வழியாகவே அந்த அம்மாவிடம் இவ்வளவையும் விளக்கி, என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாளில் அவர்கள் மகன் பேசினான். "அப்பா இருக்கேன்னு சொல்லச் சொன்னார் சார், வாங்க" என்றான். போனபோது அந்த மனிதர் வாசலுக்கே வந்து நின்றார். கடன் வாங்கிய பிறகு கட்டிய மாடி ஒன்று இருந்தது. வங்கியின் பழைய அறிக்கையில் அது கிடையாது. படியேறி அழைத்துப்போய், கம்பி எத்தனை எம்எம் போட்டேன், எந்த வருடம் தளம் போட்டேன், கொத்தனார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுமதி வாங்காத மாடி. அதை அப்படியே குறிப்பிட்டு, அதற்கான குறைப்பையும் கணக்கிட்டு, கட்டடத்தின் மதிப்பில் சேர்த்து எழுதினேன். ஏலத்தின் அடிப்படை விலையில் அந்த மாடியும் இருந்தது.